பல் முளைக்காத வாய்க்கு ரங்கூன் பழங்கள்

குழந்தைக்கு ஆறு மாதம் முடியப்போகிறது என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் வைத்தியராகிவிடுவார்கள். எங்கள் வீடு ரங்கூனின் இன்சீன் பகுதியில். ரங்கூனுக்குக் காய்கறியும் பழமும் வந்து இறங்குகிற டன்யின்கோன் மொத்தச் சந்தை எங்களுக்குப் பக்கம். ஆகவே எங்கள் வீட்டில் பழத்துக்கும் பஞ்சமில்லை, பழத்தைப் பற்றிய யோசனைக்கும் பஞ்சமில்லை. வாழைப்பழம் சளி, மாம்பழம் சூடு, பப்பாளி வயிற்றைக் கலக்கும், ஆரஞ்சு கொடுத்தால் மூக்கு ஒழுகும் என்று ஆளுக்கு ஒரு பழத்தைத் தள்ளி வைத்தார்கள். எல்லோர் பேச்சையும் கேட்டிருந்தால் என் பையனுக்குத் தண்ணீர்தான் மிஞ்சியிருக்கும்.

இதில் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் கொஞ்சம் படித்து, தடுப்பூசி போடுகிற இடத்தில் இருந்த நர்ஸ் அம்மாவை நச்சரித்துக் கேட்டு, பிறகு தினமும் ஊட்டிப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்று. பழத்தைப் பற்றிக் கவலைப்படுவதென்றால் முதலில் அதன் உருவத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். உருண்டையா, வழுக்குமா, உள்ளே கொட்டை இருக்கிறதா, ஈறால் நசுக்க முடியாத அளவுக்குக் கெட்டியா? சூடு, குளிர்ச்சி விசாரணையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

எப்போது தொடங்குவது என்பதிலேயே எங்கள் வீட்டில் முதல் பேச்சு வந்தது. மாமியார் மோன் மாநிலத்துத் தட்டோன் பக்கத்துக்காரர். அவர் காலத்தில் மூன்றாம் மாதத்திலேயே வாழைப்பழத்தை மசித்து நாக்கில் தடவிவிடுவார்களாம். "என் பிள்ளைங்க எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றார். இருக்கிறார்கள், மறுக்க முடியாது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டியும் ஆறு மாதத்தில் தொடங்கச் சொல்கிறது, நர்ஸ் அம்மாவும் அதையேதான் சொன்னார். நாள்கணக்கோடு குழந்தையையும் பார்க்க வேண்டும். தலை ஆடாமல் நிற்கிறதா, முட்டுக்கொடுத்தால் உட்காருகிறதா, வாயில் வைத்ததை நாக்கு வெளியே தள்ளாமல் உள்ளே வாங்குகிறதா? நாக்கு தள்ளிக்கொண்டே இருந்தால் குழந்தை இன்னும் தயாராகவில்லை. "அத்தை, இன்னும் கொஞ்ச நாள்தானே, பொறுத்துக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது பலரும் கவனிக்காதது. பழம் இனிப்பு, குழந்தை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும். அதனால் ஊட்டுகிறவருக்கும் சந்தோஷம். அப்படியே போனால் இரண்டு வேளையும் பழமாகிவிடும். ஆனால் பிறக்கும்போது உடம்பில் சேர்த்து வைத்திருந்த இரும்புச்சத்து ஆறு மாத வாக்கில் குறைய ஆரம்பிக்கும், தாய்ப்பாலில் அது மிகக் கொஞ்சம்தான், பழத்திலும் பெரிதாக இல்லை. குழைந்த சோறு, பருப்பு, முட்டை, முள் எடுத்த மீன், கோழி ஈரல் இவற்றுக்குத்தான் முதல் இடம். பழம் பக்கத்தில் உட்காரலாம். அதுவும் வீண் போகாது, பழத்திலுள்ள வைட்டமின் சி பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். நான் பருப்புச் சோறு முடிந்ததும் இரண்டு ஸ்பூன் பழம் என்று வைத்துக்கொண்டேன்.

எங்கள் பையனுக்கு ஆறு மாதம் முடிந்தது திஞ்சான் சமயத்தில். தண்ணீர்த் திருவிழா லீவில் சந்தை, கடை எல்லாம் மூடிக் கிடக்கும். வீட்டில் இருந்தது வாழைப்பழம் மட்டும்தான், ஆகவே முதல் பழம் எது என்று யாரும் சண்டை போடவில்லை. பர்மியர்கள் காணிக்கைத் தட்டில் வைக்கிற பீஜான் பழம் கொஞ்சம் மாவாக இருக்கும். தீம்வே பழம் சிறிசு, வாசனை, மெத்தென்று இருக்கும். நான் எடுத்தது தீம்வே. தோலில் பழுப்புப் புள்ளி விழுந்த பழமாகப் பார்த்து எடுக்க வேண்டும். காம்புப் பக்கம் பச்சை இருந்தால் மாவுச்சத்து இன்னும் முழுசாக இனிப்பாக மாறவில்லை என்று அர்த்தம், குழந்தைக்கு மலம் கட்டிக்கொள்ளும். முள்கரண்டியால் நசுக்கி, தாய்ப்பால் கொஞ்சம் பீய்ச்சி விட்டுக் கரைத்தேன். சும்மா நசுக்கினால் வாழைப்பழம் பசை மாதிரி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், குழந்தை ஓங்கரிக்கும்.

மறுநாள் துணியில் பார்த்தால் மலத்தில் கறுப்பு நூல் நூலாக! மாமியார் பூச்சி என்றே முடிவு கட்டிவிட்டார். அது வாழைப்பழத்தின் நடு நார், செரிக்கும்போது கறுத்து வெளியே வருகிறது, அவ்வளவுதான். நூல் அசையவில்லை, பழத்தை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடுகிறது என்றால் பயமில்லை. இதேபோல் சிவப்பு டிராகன் பழம் கொடுத்தால் மலம் ரத்த நிறத்தில் போகும். தெரியாதவர்கள் அலறிவிடுவார்கள். என்ன கொடுத்தோம் என்பதை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். பழம் எதுவும் காரணமாக இல்லாமல் ரத்தம் போல் தெரிந்தால் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

திஞ்சான் சமயத்திலேயே நமக்குச் சித்திரைப் பிறப்பும் வரும். முருகன் கோயிலுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனோம். அபிஷேகம் முடிந்து பஞ்சாமிர்தம் வந்தது. மாமியார் விரல் நுனியில் தொட்டுக் குழந்தை வாய்க்குக் கொண்டுபோனார். பழம்தானே என்று தோன்றும். ஆனால் அதில் தேன் இருக்கிறது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது. தேனில் சில சமயம் ஒருவகைக் கிருமியின் வித்துகள் இருக்கும். பெரியவர்கள் வயிற்றில் அவை ஒன்றும் செய்யாது, குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். பால் குடிக்க வலுவில்லாமல், அழுகை மெலிந்து, கழுத்து தொய்ந்து, மூச்சுத் திணறல் வரை போகிற நோய் அது. வீட்டில் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. நான் கையைப் பிடித்துக்கொண்டு காரணத்தைச் சொன்னேன். மாமியார் முகம் சுருங்கியது. பூசாரி ஐயா கேட்டுக்கொண்டே இருந்தவர், சாமி முன்னால் வைத்திருந்த சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து, "இதுவும் பிரசாதம்தாம்மா, இதைக் குடுங்க" என்றார். பிரச்சினை அதோடு தீர்ந்தது. சாமி காரியத்தில் சண்டை வராமல் தப்பிக்க வேண்டுமென்றால் கையோடு மாற்று ஒன்று இருக்க வேண்டும்.

இணையத்தில் எங்கே பார்த்தாலும் பழத்தைக் கூழாக்கி, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, தினம் ஒரு கட்டி எடுத்துக் கொடு என்கிறார்கள். ரங்கூனில் இதைச் சொல்கிறவர் கரண்ட் பில் கட்டாதவராக இருக்க வேண்டும். இங்கே கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது, முறை தவறியும் போகிறது. உருகி, உறைந்து, மறுபடி உருகின கூழைக் குழந்தைக்குக் கொடுப்பதற்குப் பதில் கொடுக்காமலே இருக்கலாம். நான் ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவே பழம் நறுக்கினேன். மீதிப் பழம் எங்களுக்கு. குழந்தையின் எச்சில் பட்ட கிண்ணத்தில் மிஞ்சியதை அடுத்த வேளைக்கு எடுத்து வைப்பதில்லை. தோலை உரிக்கிற பழமாக இருந்தாலும் முதலில் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் கத்தி தோலில் உள்ள அழுக்கைச் சதைக்குள் இழுத்துக்கொண்டு போகும். கடைசியாக அலசுவதற்கு மட்டும் பெரிய பாட்டிலில் வாங்குகிற குடிதண்ணீர் அல்லது காய்ச்சி ஆறின தண்ணீர். தெருவில் ஐஸ் மேல் அடுக்கி, பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருகிற நறுக்கின பழம் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் குழந்தைக்கு வேண்டாம். மழைக்காலத்தில் ஈ மொய்த்து வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும்.

அடுத்து மாம்பழம். செயின்தலோன் ரக மாம்பழம் சந்தைக்கு வந்துவிட்டால் எங்கள் வீட்டில் வீசைக் கணக்கில்தான் வாங்குவார்கள். நார் கம்மி, கொட்டை சிறிசு, குழந்தைக்கு அருமையான பழம். ஒரு விஷயம் மட்டும் கவனம். மாங்காய்ப் பாலும் தோலும் சில குழந்தைகளுக்கு வாயைச் சுற்றித் தடிக்கவைக்கும். காம்புப் பக்கத்தைக் கொஞ்சம் தாராளமாக வெட்டி எறிந்து, பழத்தை மறுபடி கழுவி, தோலைத் தடிமனாகச் சீவி எடுத்துவிட்டால் பெரும்பாலும் தொல்லை இருக்காது. ஊட்டுவதற்கு முன் மோவாயில் துளி தேங்காய் எண்ணெய் தடவுவேன்.

வாயைச் சுற்றி, சாறு பட்ட இடத்தில் மட்டும் சிவந்து, துடைத்ததும் கொஞ்ச நேரத்தில் மறைந்தால் அது பெரும்பாலும் தோல் எரிச்சல். அன்னாசி, ஸ்ட்ராபெரி, ஆரஞ்சு எல்லாம் இதைச் செய்யும். உடம்பில் வேறு இடத்திலும் தடிப்பு கிளம்பினாலோ, உதடு கண் வீங்கினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ அது ஒவ்வாமையாக இருக்கலாம். மூச்சு இழுத்தால் வீட்டில் கஷாயம் வைத்துக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிய வேண்டுமானால் புதுப் பழம் ஒரு தடவைக்கு ஒன்று மட்டும் கொடுத்து, இரண்டு மூன்று நாள் அதையே தொடர வேண்டும். நான் புதுப் பழத்தைக் காலையில்தான் கொடுப்பேன். ராத்திரி கொடுத்துவிட்டு விளக்கில்லாத வீட்டில் டார்ச் அடித்துத் தடிப்பைத் தேடுவது யாரால் ஆகும்?

மாம்பழம், பப்பாளி, பரங்கிக்காய் மூன்றும் ஒரே காலத்தில் சேர்ந்துவிட்டதில் ஒரு வேடிக்கை நடந்தது. பையன் கன்னத்தில் எப்போதும் தனக்கா என்கிற மரப்பட்டைச் சாந்து பூசியிருக்கும், பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மா அரைத்துத் தருவார். அதனால் முகத்து நிறம் யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் குளிப்பாட்டித் துடைக்கும்போது பார்க்கிறேன், மூக்கு நுனி, உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் மஞ்சள். "மஞ்சக்காமாலைடி!" என்று மாமியார் கீழாநெல்லி தேடக் கிளம்பிவிட்டார். வெளிச்சத்தில் தூக்கிப்போய்க் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை வெளேர் என்று இருந்தது. சிறுநீரும் எப்போதும் போல. டாக்டரிடம் காட்டினோம். என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டவர் சிரித்துவிட்டார். இந்த மஞ்சள் பழங்களில் உள்ள கரோட்டின் தோலில் படிந்தால் இப்படி ஆகும், கெடுதல் இல்லை, அளவைக் குறைத்தால் சில வாரங்களில் தானாகப் போய்விடும் என்றார். காமாலையானால் கண்வெள்ளையும் மஞ்சளாகும். இருந்தாலும் கண்ணை நாமே பார்த்து முடிவு செய்துவிடாமல் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

மழை பிடித்ததும் மோன் மாநிலத்துப் பழங்கள் வரத் தொடங்கும். மாமியாரின் தம்பி வீட்டிலிருந்து கூடை கட்டி பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். ரம்புட்டான், மங்குஸ்தான், நடுவில் ஒரு டுரியான். பெரியவர்களுக்குத் திருவிழாதான். எனக்கு அந்தக் கூடையைப் பார்த்தால்தான் உண்மையான பயம்.

உரித்த ரம்புட்டானைப் பாருங்கள். கோலிக்குண்டு அளவு, முழு வழுக்கல், உள்ளே கொட்டை. குழந்தையின் மூச்சுக்குழலில் மூடி போட்டதுபோல் உட்கார இதைவிடப் பொருத்தமான உருவத்தைச் செய்ய முடியாது. திராட்சை, லிச்சி எல்லாம் அதே ஜாதி. ஆசையாகக் கேட்கிறானே என்றால், சதையை நீளவாக்கில் சீவி எடுக்கலாம். ஆனால் சீவும்போது கொட்டையின் பழுப்புத் தோல் காகிதம் போல் சதையோடு ஒட்டிக்கொண்டு வரும், அதைத் தனியாக உரித்து எறிய வேண்டும். பிறகு சதையை அரிசி அளவுக்குப் பொடியாகக் கொத்த வேண்டும். இவ்வளவு வேலைக்கு அந்த வயதில் அதைக் கொடுக்காமலே இருப்பது மேல் என்று விட்டுவிட்டேன்.

மங்குஸ்தான் கொஞ்சம் தேவலை. பழத்தைக் கவிழ்த்து அடியைப் பார்த்தால் ஒரு பூ மாதிரி முத்திரை இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. சுளைகளில் ஒன்றிரண்டு பெரிசாக இருக்கும், கொட்டை பெரும்பாலும் அவற்றில்தான். சின்னச் சுளைகள் பூப்போல மெத்தென்று கொட்டையில்லாமல் இருக்கும். அவற்றைக்கூட விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன், சின்னதிலும் சில சமயம் ஒரு குட்டிக் கொட்டை ஒளிந்திருக்கும். தோலுக்குள் மஞ்சள் பிசின் ஒழுகியிருந்தால் அந்தச் சுளை கசக்கும், எடுத்துவிடுங்கள். அப்புறம் தோலின் சிவப்புச் சாறு சட்டையில் பட்டால் போகவே போகாது, கேட்டுக்கொள்ளுங்கள்.

டுரியான் வாசனைக்குப் பையன் கையை நீட்டினான். கனமான பழம், மசித்தாலும் பசையாக இருக்கும், கொஞ்சம் பெரியவனாகட்டும் என்று விட்டோம். சீத்தாப்பழம் பியே ஊர்ப் பக்கத்திலிருந்து வரும். சுவையில் குறையே இல்லை, ஆனால் கொட்டைகளை ஒன்று விடாமல் எடுக்கச் சல்லடையில் தேய்க்க வேண்டியிருக்கிறது. சீத்தாக்கொட்டை, புளியங்கொட்டை, இலந்தைக்கொட்டை எல்லாம் தரையில் ஒன்று உருண்டு கிடந்தாலும் தவழ்கிற குழந்தை கண்டுபிடித்து வாயில் போட்டுக்கொள்ளும். சாப்பிட்ட இடத்தை உடனே பெருக்கிவிட வேண்டும்.

பெரியவர்களைவிட மற்றக் குழந்தைகளுக்குத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுச் சிறுமி பாசத்தோடு ஒரு ரம்புட்டானைப் பல்லால் உரித்து நேராகத் தம்பி வாய்க்கு நீட்டினாள். தடுத்ததில் அவளுக்கு அழுகை. திட்டுவதில் பிரயோசனமில்லை. "தம்பிக்கு என்ன கொடுத்தாலும் முதலில் என்னிடம் காட்ட வேண்டும்" என்று அவளையே காவலுக்கு வைத்துவிட்டேன். அப்புறம் வேறு பிள்ளைகள் கொண்டுவந்தாலும் அவளே தடுத்துவிடுவாள்.

ஓங்கரிப்பும் மூச்சடைப்பும் வேறு வேறு. ஓங்கரிக்கும்போது சத்தம் வரும், இருமும், முகம் சிவக்கும், நாக்கு வெளியே வரும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் குழந்தை தானே சமாளித்துக்கொள்ளும். அப்போது விரலை விட்டுத் தோண்டினால் வெளியே வர இருந்தது உள்ளே போய்விடும். மூச்சடைத்தால் சத்தமே இருக்காது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலமாகும். உடனே குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை மார்பைவிடத் தாழ இருக்கும்படி தாடையைப் பிடித்துக்கொண்டு, இரு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 தட்டு. வரவில்லை என்றால் மல்லாத்தி, முலைக்காம்புகளுக்குச் சற்றுக் கீழே மார்பெலும்பின் நடுவில் 5 அழுத்து. பொருள் வெளியே வரும்வரை மாற்றி மாற்றி இதையே செய்ய வேண்டும், இன்னொருவர் உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். குழந்தை நினைவிழந்தால் நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுக்கிற முதலுதவியைத் தொடங்க வேண்டும். நர்ஸ் அம்மா பொம்மையை வைத்து எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் செய்துகாட்டினார். படித்துத் தெரிந்துகொள்வதும் கையால் செய்து பார்ப்பதும் ஒன்றல்ல, யாராவது கற்றுக்கொடுத்தால் விடாதீர்கள். இந்த ஊரில் வண்டி பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நம் கைதான் துணை.

மூச்சடைப்பு வராமல் பார்ப்பதில் பாதி, எப்படி உட்காரவைக்கிறோம் என்பதில் இருக்கிறது. நிலா காட்டி, காக்கா காட்டி, தெருவில் நடந்துகொண்டே ஊட்டுவது நமக்குப் பழக்கம். தூளியில் படுத்துக்கொண்டே வாழைப்பழம் உறிஞ்சும் குழந்தைகளையும் பார்த்திருக்கிறேன். முதுகு நிமிர்ந்து, எதிரே ஆள் இருக்க, சிரிப்பு மூட்டாமல், போனைக் காட்டாமல் ஊட்டினால் போதும். எட்டாம் மாத வாக்கில் தானே பிடித்துச் சாப்பிட ஆசைப்பட்டான். வாழைப்பழத்தை நன்றாகக் கழுவி, பாதித் தோலை மட்டும் உரித்து, மீதித் தோலைக் கைப்பிடியாக விட்டுக் கொடுத்தேன். இல்லாவிட்டால் வழுக்கி வழுக்கி விழும்.

மற்றவை சுருக்கமாக. சீன ஆப்பிளைப் பச்சையாகத் துருவியும் கொடுக்க வேண்டாம், துண்டாகவும் வேண்டாம். இட்லித் தட்டில் வேகவைத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்தால் நசுங்க வேண்டும். எந்தப் பழமானாலும் கெட்டியா என்று பார்க்க இந்த விரல் சோதனையே போதும். ஷான் மலையிலிருந்து வருகிற அவகாடோவைப் பர்மியர்கள் பாலும் சர்க்கரையும் போட்டு அடிப்பார்கள், குழந்தைக்கு வெறுமனே மசித்தால் போதும். கொய்யாவில் ஆரஞ்சைவிட வைட்டமின் சி பல மடங்கு அதிகம், ஆனால் விதை கல் மாதிரி, வேகவைத்து வடிகட்டித்தான் கொடுத்தேன். மலம் கட்டினால் பழுத்த பப்பாளி. உப்பு, மிளகாய்த்தூள் தொட்டுப் பழம் தின்னும் ஊர் இது, அந்தத் தட்டு குழந்தை கைக்கு எட்டக்கூடாது.

ஜூஸ் விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017இலிருந்து ஒரு வயது வரை பழச்சாறே வேண்டாம் என்கிறது. நார் போய்ச் சர்க்கரைத் தண்ணீர்தான் மிஞ்சும், பால் குடிக்கிற வயிற்றை அது நிரப்பிவிடும். குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் வாங்கிவருகிற டப்பா ஜூஸெல்லாம் எங்கள் வீட்டில் பெரியவர்கள் குடித்துத் தீர்த்தோம்.

இப்போது பையன் ஓடுகிறான், பல் வந்துவிட்டது. இருந்தாலும் திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்குவதை நிறுத்தவில்லை, ஐந்து வயது வரை நிறுத்தப்போவதும் இல்லை. பஸ் நிறுத்தத்தில் விற்கிற உப்பு இலந்தை வற்றல் பொட்டலத்தைப் பார்த்துத்தான் இப்போது அடம். கொட்டையும் இருக்கிறது, உப்பும் இருக்கிறது, என்ன சாயம் என்று விற்கிறவருக்கே தெரியாது. அதனால் தட்டோன் போகிற பஸ்ஸில் ஏறும்போது வாழைப்பழச் சீப்பு ஒன்றைக் கையோடு எடுத்துக்கொள்கிறோம், மாமியார் மடியில் இலந்தைப் பொட்டலம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு.